வீட்டு வாயிலுக்கு வரும் மளிகை: அதன் நடைமுறையும் நமக்குரிய பாடமும்

பட்டணங்களில் வாழும் குடும்பத்தினர் பலர் இந்நாளில் மளிகை வாங்கக் கடைக்குச் செல்வதில்லை. வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், வாழைப்பழம் ஆகியவற்றைக் கைப்பேசியில் குறித்துவிடுகின்றனர். பணத்தையும் அதன் வழியாகவே செலுத்திவிடுகின்றனர். குறித்த நேரத்தில் பொருள்கள் வீட்டு வாயிலுக்கு வந்து சேருகின்றன. இந்த வாணிகம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது என்பதில் ஐயமில்லை.

காவிரிக்கரையிலும் குடமுருட்டிக்கரையிலும் நெல்லும் வாழையும் பயிரிடும் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்து அங்கத்தினர்களும், தறியை நம்பி வாழும் நெசவாளர் அங்கத்தினர்களும் இதுபற்றி இரண்டு கேள்விகளைக் கேட்டு வருகின்றனர். நமது சரக்கை இந்நிறுவனங்களுக்குக் கொடுக்கலாமா என்பது ஒன்று. நாமே இவ்வாறு வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்றால் என்ன என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அந்த வாணிகம் எவ்வாறு நடைபெறுகிறது, அதில் பணம் எங்கே செலவாகிறது, எங்கே மிஞ்சுகிறது என்பவற்றை அறியாமல் விடை கூறப் புகுவது, ஆழம் அறியாமல் ஆற்றில் இறங்குவதை ஒக்கும். ஆகவே இக்கட்டுரையில் முதலில் நடைமுறையை ஆராய்ந்து, பின்னர் நமக்குரிய பாடத்தைக் கூறுவோம்.

திரைக்குப் பின்னால் இருப்பது கிடங்கு

கைப்பேசியில் தெரியும் படமும் விலையும் கடையின் முகப்பு மட்டுமே. உண்மையான வேலை கிடங்கில் நடைபெறுகிறது. அவ்வேலையை ஐந்து படிகளாகப் பிரிக்கலாம்.

முதற்படி கொள்முதல். பருப்பு, எண்ணெய், சோப்பு போன்றவை ஆலைகளிலிருந்தும் மொத்த வியாபாரிகளிடமிருந்தும் வருகின்றன. காய்கறியும் பழமும் மண்டிகளிலிருந்து வருகின்றன. சில நிறுவனங்கள் விளைநிலங்களுக்கு அருகிலேயே கொள்முதல் நிலையங்களை அமைத்து உழவர்களிடமிருந்து நேராகவும் வாங்குகின்றன.

இரண்டாம் படி தரம் பிரித்தல். வந்த சரக்கை எடை போட்டு, பெரியது சிறியது, முற்றியது பிஞ்சு, அடிபட்டது அடிபடாதது என்று பிரிக்கின்றனர். வாழைத்தாரை அப்படியே யாரும் வீட்டுக்கு அனுப்ப இயலாது. சீப்பாகவோ, இத்தனை பழம் என்றோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என்றோ பகுத்தால்தான் அதற்கு விலை குறிக்க முடியும். வாங்குபவர் சரக்கைக் கையால் தொட்டுப் பார்க்காமல் வாங்குகிறார்; ஆதலின் படத்தில் காட்டியது ஒன்றும் பையில் வந்தது வேறொன்றுமாக இருந்தால், அவர் மறுமுறை வாங்கமாட்டார்.

மூன்றாம் படி இருப்பு வைத்தல். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அலமாரி இடம். குளிர் வேண்டும் பொருளுக்குக் குளிர் அறை உண்டு. விரைவில் காலாவதியாகும் பொருள் முன்வரிசையில் நிற்கும். ஒரு பொருள் வெளியே சென்றால் அந்நொடியே கணக்கில் ஒன்று குறைய வேண்டும். இக்கணக்குத் தவறினால், இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டிப் பணம் வாங்க நேரிடும். பிறகு அப்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும், மன்னிப்புக் கோரவும் வேண்டியிருக்கும்.

நான்காம் படி பட்டியலின்படி பொறுக்கி எடுத்துப் பையில் இடுதல். கடையில் வாங்குபவரே கூடையை ஏந்தித் தம் கைகளால் எடுத்துக்கொள்கிறார். அதற்குக் கடைக்காரர் கூலி கொடுப்பதில்லை. இணைய வழி வாணிகத்தில் அவ்வேலைக்கு ஓர் ஆளை அமர்த்திச் சம்பளம் கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அங்கத்தினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி கொண்டுபோய்ச் சேர்த்தல். பல வீட்டுப் பைகளை ஒரு வண்டியில் ஏற்றி, எத்தெருவுக்குப் பின் எத்தெரு என்று வரிசைப்படுத்தி அனுப்புவது ஒரு முறை. ஒரு பையை ஓர் இருசக்கர வண்டியில் உடனே அனுப்புவது மற்றொரு முறை. இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே இவ்வாணிகத்தின் செலவு முழுவதும் அமைகிறது.

மூன்று வகை நிறுவனங்கள்

நம் நாட்டில் இவ்வாணிகம் மூன்று வகையாக வளர்ந்திருக்கிறது.

முதல் வகை, பெரிய கிடங்கை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த நேரப் பகுதியில் அனுப்பும் முறை. பெங்களூரில் 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய பிக்பாஸ்கெட் இதற்கு எடுத்துக்காட்டு. இன்று மாலை குறித்தால் நாளைக் காலை வரும் என்பதே அதன் தொடக்ககால நடைமுறை. 2021-ஆம் ஆண்டில் இந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை டாட்டா குழுமம் வாங்கிற்று.

இரண்டாம் வகை, தனக்கெனச் சரக்கு வைக்காமல் அக்கம்பக்கத்துக் கடைகளிலிருந்து பொருளை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும் முறை. 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய குரோஃபர்ஸ் முதலில் இம்முறையையே கையாண்டது. இதில் மூலதனம் குறைவு என்பது நன்மை. ஆனால் எந்தக் கடையில் எந்தப் பொருள் இருக்கிறது என்பதை உறுதியாக அறிய இயலாமை பெருங்குறை. ஆதலின் அந்நிறுவனம் பின்னர் சொந்தக் கிடங்குகளுக்கு மாறியது. 2021-ஆம் ஆண்டு இறுதியில் பிளிங்கிட் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2022-ஆம் ஆண்டில் சொமாட்டோ நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

மூன்றாம் வகை, நகரின் பல பகுதிகளில் சிறு கிடங்குகளை வைத்துச் சில நிமிடங்களில் அனுப்பும் முறை. 2020-ஆம் ஆண்டில் ஸ்விகி நிறுவனம் தொடங்கிய இன்ஸ்டாமார்ட், 2021-ஆம் ஆண்டில் மும்பையில் தோன்றிய செப்டோ, பெயர் மாறிய பிளிங்கிட் ஆகியவை இவ்வகையின. பிக்பாஸ்கெட்டும் இம்முறையில் இறங்கியிருக்கிறது.

பத்து நிமிடத்தின் இரகசியம்

பத்து நிமிடத்தில் மளிகை என்ற விளம்பரத்தைக் கண்டு, வண்டி மிக வேகமாக ஓடுவதே இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. வேகத்தின் காரணம் அண்மையே. வாடிக்கையாளர் உள்ளே வராத இச்சிறு கிடங்குகளை 'டார்க் ஸ்டோர்' என்று அழைக்கின்றனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள வீடுகளுக்கு மட்டும் பொருள் அனுப்புகிறது. பட்டியல் வந்தவுடன் ஓர் ஊழியர் சில நிமிடங்களுக்குள் பொருள்களை எடுத்துப் பையில் இடுகிறார். எஞ்சிய நேரம் சிறு தூரம் செல்லப் போதுமானதாகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். அந்தச் சிறு வட்டத்திற்குள் நாள்தோறும் வாங்கும் குடும்பங்கள் நெருக்கமாக இருந்தால்தான் வாடகையும் சம்பளமும் கட்டுப்படியாகும். அடுக்குமாடி வீடுகள் நிறைந்த சென்னையிலும் பெங்களூரிலும் இது பொருந்தும். வயலும் வாய்க்காலும் இடையிட்டு ஊர்கள் சிதறிக்கிடக்கும் காவிரிப் படுகையில் இக்கணக்கு எளிதில் பொருந்தாது. ஆகவே நகரத்து முறையை அப்படியே இங்குக் கொண்டுவர முயல்வது பயனற்றது.

மற்றொன்றையும் இங்குக் கூறுதல் நம் கடமை. இவ்வேகத்தின் சுமையைத் தாங்குபவர், வெயிலிலும் மழையிலும் பையைச் சுமந்து செல்லும் தொழிலாளர். அவர்களிற் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் இல்லை. கொண்டுசேர்த்த பைக்கு இத்தனை ரூபாய் என்பதே கூலி. தமிழ்நாட்டு அரசு 2023-ஆம் ஆண்டில் இத்தகைய தொழிலாளர்களுக்கென நலவாரியம் ஒன்றை அமைத்தது. கஜக் கணக்கில் கூலி வாங்கிய துன்பத்தை அறிந்த நெசவாளர்களுக்கு, இத்தொழிலாளரின் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒரு கூடையின் கணக்கு

இனி இவ்வாணிகத்தின் உயிர்நிலையான கணக்கைப் பார்ப்போம். கீழே தரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக நாமே எடுத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் கணக்கும் அன்று.

ஒரு வீட்டார் 300 ரூபாய்க்குப் பொருள் குறிக்கின்றனர் எனக் கொள்வோம். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு 20 என்றால், கையில் நிற்பது 60 ரூபாய். பொருளைப் பொறுக்கி எடுக்கும் கூலி 12 ரூபாய். பை 5 ரூபாய். கொண்டுசேர்க்கும் கூலி 45 ரூபாய். ஆக 62 ரூபாய். கிடங்கு வாடகை, மின்சாரம், அழுகல் ஆகியவற்றைக் கணக்கிடுமுன்பே 2 ரூபாய் நஷ்டம்.

அதே வீட்டார் 900 ரூபாய்க்குக் குறித்தால் வித்தியாசம் 180 ரூபாய். பொறுக்கும் கூலி 20 ரூபாய், பை 8 ரூபாய், கொண்டுசேர்க்கும் கூலி அதே 45 ரூபாய். ஆக 73 ரூபாய். மற்றச் செலவுகளுக்கு 107 ரூபாய் எஞ்சுகிறது. தெருவும் வீடும் வண்டியும் மாறவில்லை. கூடை பெரிதானதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

இன்ன தொகைக்குக் குறையாமல் வாங்கினால் கொண்டுவரும் கூலி இல்லை என்று நிறுவனங்கள் அறிவிப்பதன் கருத்து இதுவே. சந்தா கட்டியவர்க்குச் சலுகை அளிப்பதும், பருப்பு வாங்கும்போது நெய்யும் வேண்டுமா என்று திரையில் காட்டுவதும் இக்காரணம் பற்றியே. இவையன்றி வேறு இரு வருவாய்களும் உண்டு. தம் பொருள் திரையின் மேல்வரிசையில் தெரிவதற்காகப் பெரிய தயாரிப்பாளர்கள் கொடுக்கும் விளம்பரப் பணம் ஒன்று. நிறுவனம் தன் சொந்தப் பெயரிட்டு விற்கும் பொருள்களில் கிடைக்கும் கூடுதல் இலாபம் மற்றொன்று.

அழுகலின் கணக்கையும் அறிந்துகொள்ள வேண்டும். கிலோ 30 ரூபாய் வீதம் 100 கிலோ பழம் 3,000 ரூபாய்க்கு வாங்கி, அதில் 10 கிலோ அழுகினால், மீதி 90 கிலோவின் அடக்க விலை கிலோ ஒன்றுக்கு 33 ரூபாய் 33 காசு ஆகிவிடுகிறது. முதலில் பட்டியலைப் பெற்று, பின்னர் அறுவடை செய்யக்கூடியவருக்கு இந்நஷ்டம் பெரிதும் குறையும். தோட்டத்தின் அருகிலேயே இருக்கும் உழவர் சங்கத்திற்கு இயற்கையாக அமைந்த பேறு இது. நகரத்துக் கிடங்கு எத்தனை பணம் செலவிட்டாலும் இப்பேற்றை முழுமையாகப் பெற இயலாது.

வீழ்ந்தவர் கற்பித்த பாடம்

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டில் வெப்வான் என்னும் நிறுவனம் தோன்றியது. 1999-ஆம் ஆண்டில் வீடுகளுக்கு மளிகை அனுப்பத் தொடங்கியது. இயந்திரங்கள் நிறைந்த மாபெரும் கிடங்குகளைப் பல நகரங்களில் எழுப்புவதற்கு ஏறத்தாழ நூறு கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. கிடங்கு பெருகிய அளவுக்கு வாடிக்கையாளர் பெருகவில்லை. 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நிறுவனம் திவாலாயிற்று. குறை இயந்திரத்தில் இல்லை. வாங்குவோர் வருமுன் கட்டடத்தை எழுப்பியதே குறை.

நம் நாட்டிலும் ஒரு முன்கதை உண்டு. பிக்பாஸ்கெட்டைத் தொடங்கியவர்களிற் சிலர் 1999-ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் ஃபேப்மார்ட் என்னும் இணைய வழிக் கடையை நடத்தினர். அக்காலத்தில் இணையம் உள்ள வீடுகள் மிகச் சில. ஆகவே அவர்கள் தெருவில் மளிகைக் கடைகளைத் திறந்து தொழிலை வளர்த்தனர். அக்கடைகள் பின்னர் ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்கு மாறின. கொள்முதலும் இருப்பும் எவ்வாறு என்று கடைகளில் கற்ற பிறகே, 2011-ஆம் ஆண்டில் அவர்கள் மீண்டும் இணையத்துக்கு வந்தனர். கடை நடத்தும் கலையே அடிப்படை. செயலி அதன் மேல் எழுப்பும் மாடி என்பது இதனால் பெறப்படும்.

பெயரும் பேரேடும் யாருடையவை?

முதற்கேள்விக்கு இப்போது வருவோம். நமது சரக்கை இந்நிறுவனங்களுக்குக் கொடுக்கலாமா?

கொடுப்பதில் நன்மைகள் உண்டு. எடை சரியாக இருக்கும். பணம் வங்கிக் கணக்கில் வரும். கொள்முதல் நிலையம் அருகில் இருக்குமாயின் வண்டிக் கூலியும் தரகும் குறையும். தரத்துக்கேற்ற விலை என்ற பழக்கம் உண்டாகும். இவற்றை மறுப்பது நேர்மையாகாது.

ஆயினும் இரண்டு பொருள்கள் நம் கையை விட்டுப் போகக் கூடும். ஒன்று பெயர். பிக்பாஸ்கெட் நிறுவனம் காய்கறி, பழங்களை ஃப்ரெஷோ என்ற பெயரிலும், அரிசி, பருப்பு முதலியவற்றை பிபி ராயல் என்ற பெயரிலும் விற்கிறது. வாங்குபவர் அறிவது அப்பெயரையே; விளைந்த ஊரை அன்று. மற்றொன்று பேரேடு. எந்தத் தெருவில் எத்தனை குடும்பங்கள் புழுங்கலரிசி வாங்குகின்றன, எந்த வாரத்தில் வாழைப்பழத்தின் தேவை கூடுகிறது, எந்த விலைக்கு மேல் போனால் வாங்குவதை நிறுத்துகின்றனர் என்னும் செய்திகள் அனைத்தும் நிறுவனத்தின் கணக்கில் சேருகின்றன. அச்செய்திகள்தாம் அடுத்த ஆண்டு எதை விளைவிப்பது, என்ன விலை கேட்பது என்று தீர்மானிக்க உதவுபவை. விளைவித்தவனுக்கு அவற்றுள் ஒன்றும் தெரிவதில்லை.

நெசவாளருக்கு இது பழைய கதை. தறி நெசவாளன் வீட்டில் இருந்தது. பாவும் ஊடையும் அவன் கைகளால் துணியாயின. எனினும் நூலைக் கடனாகக் கொடுத்துத் துணியை வாங்கிச் சென்ற முதலாளிக்குத்தான் சந்தை தெரிந்திருந்தது. வாங்குபவரை அறியாதவன் விலையையும் கேட்க முடியவில்லை. அந்நிலையை மாற்றவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. அச்சங்கங்களின் துணியை விற்க 1935-ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்கும் தலைமைச் சங்கம் தோன்றிற்று. நம் மாவட்டத்துத் திருபுவனம் பட்டுச் சேலைக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்கே ஒரு விலை உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே நமது கருத்து இது: மிகுதியான சரக்கை இந்நிறுவனங்களுக்கு விற்பதில் தவறில்லை. ஆனால் முழுவதையும் ஒருவர் கையிலேயே ஒப்படைத்தல் தகாது. தனித்தனியாகப் போய்ப் பேரம் பேசாமல் சங்கத்தின் வாயிலாகவே ஒப்பந்தம் செய்ய வேண்டும். எத்தனை நாளில் பணம் வரும், தரமில்லை என்று தள்ளுபவர் யார், தள்ளிய சரக்கு யாருடையது, அதைத் திருப்பிக் கொண்டுவரும் கூலி யாருடையது, பையின் மேல் ஊர்ப்பெயர் இருக்குமா என்னும் ஐந்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே வண்டியில் சரக்கு ஏற வேண்டும்.

கூட்டுறவின் கையில் உள்ள வழிகள்

இரண்டாம் கேள்வி, நாமே விற்றால் என்ன என்பது. கூட்டுறவாளர்களுக்கு இது அந்நியமான துறை அன்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் 28 தொழிலாளர்கள் ஒரு கடையைத் திறந்தனர். அவர்களிற் பலர் நெசவாளர். மாவு, ஓட்ஸ் மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி போன்ற சில பொருள்களே அவர்களிடம் இருந்தன. கலப்படமின்மை, சரியான எடை ஆகிய இரண்டும் அவர்களுடைய மூலதனம். நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம் அதே வழியைப் பின்பற்றியது.

இக்காலத்துக்கு ஏற்ற வழிகளும் உள்ளன. தமிழ்நாட்டுக் கூட்டுறவுத் துறை 2023-ஆம் ஆண்டில் 'கூட்டுறவு சந்தை' என்னும் செயலியைத் தொடங்கிற்று. சங்கங்கள் தயாரிக்கும் பொருள்களை விற்பதே அதன் நோக்கம். கோ-ஆப்டெக்ஸும் தன் துணிகளை இணையம் வழியாக விற்கிறது. இவையன்றி, மத்திய அரசின் முயற்சியால் 2021-ஆம் ஆண்டு இறுதியில் ஓ.என்.டி.சி. என்னும் திறந்த வலையமைப்பு நிறுவப்பட்டது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் முதற்சோதனை நடைபெற்ற ஐந்து இடங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. இதில் வாங்குபவர் ஒரு செயலியைப் பயன்படுத்தலாம். விற்பவர் வேறொரு செயலியில் சரக்கைப் பதியலாம். கொண்டுசேர்ப்பவர் மூன்றாமவராக இருக்கலாம். ஒரு வங்கியின் கணக்கிலிருந்து மற்றொரு வங்கியின் கணக்கிற்கு யு.பி.ஐ. வழியாகப் பணம் செல்வதை ஒத்தது இது. ஒரே நிறுவனத்தின் வாயிலில் காத்து நிற்க வேண்டாம் என்பதே இதன் சிறப்பு.

ஆயினும் வாயில் திறந்திருப்பதனாலேயே வாணிகம் நடந்துவிடாது. தரம் பிரித்த சரக்கும், தவறாத இருப்புக் கணக்கும் இல்லாத சங்கத்துக்கு எந்தச் செயலியும் உதவாது.

நமது வட்டாரத்துக்கு ஏற்ற முறை

தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே அமைந்திருப்பது திருக்காட்டுப்பள்ளி. இரு நகரங்களிலும் வாங்குவோர் உள்ளனர். ஆனால் ஒரு பைக்காக ஒரு வண்டி அங்குச் செல்வது இயலாது. வாரம் ஒருமுறை, முன்கூட்டியே பட்டியல் பெற்று, பல பைகளை ஒரே வண்டியில் அனுப்பும் முறையே நமக்கு ஏற்றது.

இதற்கும் ஒரு கணக்குக் காட்டுவோம். வண்டி வாடகையும் ஓட்டுநர் கூலியும் எரிபொருளும் சேர்ந்து ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 10 வீடுகளுக்குக் கொண்டு சென்றால் வீடு ஒன்றுக்கு 200 ரூபாய். 50 வீடுகளுக்கென்றால் 40 ரூபாய். அந்த 50 வீடுகளும் பல மூலைகளில் சிதறியிருந்தால் ஒரே நாளில் முடியாது; அடுத்தடுத்த சில தெருக்களில் இருந்தால் முடியும். ஆதலின் ஊர் முழுவதற்கும் விளம்பரம் செய்வதைவிட, ஒரு குடியிருப்பை, அல்லது ஓர் அலுவலகத்து ஊழியர்களைத் தேர்ந்தெடுத்து அங்கேயே வாடிக்கையை வளர்ப்பது அறிவுடைமை.

வியாழன் மாலையோடு பட்டியலை முடித்துக்கொள்ளலாம். வெள்ளியன்று தேவையான அளவுக்கு மட்டும் அறுவடை செய்து, தரம் பிரித்து, பை கட்டலாம். சனியன்று காலை வண்டி புறப்படலாம். தொடக்கத்தில் இருபது பொருள்களுக்கு மேல் வேண்டாம். புழுங்கலரிசி, மாப்பிள்ளைச் சம்பா, பூவன்பழம், மொந்தன்காய், வாழையிலை, தேங்காய், உளுந்து, நல்லெண்ணெய் என்று நம் கைக்கு எட்டியவற்றோடு நிறுத்திக்கொள்வது நலம். கைப்பேசிக் குழுவில் பட்டியல் வாங்கி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாலும் போதும். ஐம்பது வீடுகளின் கணக்கு ஓராண்டு தவறாமல் நடந்தபின் செயலியைப் பற்றி யோசிக்கலாம்.

உழவரும் நெசவாளரும் ஒரே சங்கத்தில் அல்லது ஒரே கூட்டமைப்பில் இருப்பதன் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. அரிசியும் பழமும் சேர்ந்து 500 ரூபாய்க் கூடையாக இருக்கையில், அதனுடன் ஒரு துண்டோ, வேட்டியோ, போர்வையோ சேருமானால் கூடை 800 அல்லது 1,000 ரூபாயாக உயரும். வண்டிக் கூலி ஒரு காசும் உயராது. துணி அழுகாது, குளிர் அறை கேட்காது, இந்த வாரம் விற்காவிட்டால் அடுத்த வாரம் விற்கும். வாரந்தோறும் வாழைப்பழத்துக்காகத் திறக்கும் கதவு, ஆண்டுக்குச் சில முறை வேட்டிக்காகவும் திறக்கும். நெசவாளர் சங்கம் தனியே வீடுவீடாகச் சென்றால் கட்டுப்படியாகாத செலவு, இவ்வாறு சேர்ந்து செல்லும்போது கட்டுப்படியாகிறது.

சட்டத்தையும் மறத்தலாகாது

உணவுப் பொருளை விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். பையில் அடைத்து விற்கும் பொருளின் மேல் நிகர எடை, விலை, அடைத்த மாதமும் ஆண்டும், அடைத்தவரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும். இணையத்தில் விற்போர் இவ்விவரங்களிற் பெரும்பாலானவற்றைத் திரையிலும் காட்டவேண்டும் என்ற விதி 2018-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்கூட்டியே பையில் அடைத்து விவரச்சீட்டு ஒட்டிய, 25 கிலோ வரையுள்ள அரிசிக்கு நூற்றுக்கு 5 வீதம் சரக்கு சேவை வரி விதிப்பது 2022-ஆம் ஆண்டு ஜூலை 18 முதல் தொடங்கிற்று. விலை குறிக்கும்போது இதை விட்டுவிட்டால் நஷ்டம் சங்கத்தின் தலையில் விழும்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்னணு வணிக விதிகளின்படி, வாடிக்கையாளரின் புகாரை 48 மணி நேரத்திற்குள் ஏற்று, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். வாங்குபவராக இருக்கும்போது இவ்விதி நமக்கும் துணை. குறை தீராவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அணுகலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வீட்டு வாயிலுக்கு மளிகை கொண்டுசேர்க்கும் வாணிகம் ஒரு மாயம் அன்று என்பது விளங்கும். தரம், எடை, இருப்புக் கணக்கு, பெரிய கூடை, நெருக்கமான வீடுகள் ஆகிய ஐந்துமே அதன் தூண்கள். இவற்றுள் முதல் மூன்றும் நம் உழைப்பாலும் ஒழுங்காலும் வருபவை; மற்ற இரண்டும் நாம் ஒன்றுபடுவதால் வருபவை. ஐந்தையும் அமைத்துக்கொள்ளாமல் செயலியை மட்டும் வாங்குவது, பாவு ஓடாத தறியில் நாடாவை எறிவது போலாகும்.

வாங்குபவரின் பெயரை அறிந்த சங்கமே நாளை விலை பேசும் ஆற்றலைப் பெறும். ஆகவே அடுத்த மகாசபைக் கூட்டத்துக்கு முன்னதாக, ஒவ்வொரு சங்கமும் ஐம்பது வீடுகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். வண்டியும் பையும் அதற்குப் பின் வரட்டும்.

படிப்பு வட்டங்களுக்கான வினாக்கள்

1. கடையில் வாங்குபவர் தாமே செய்துகொள்ளும் எந்தெந்த வேலைகளுக்கு இணைய வழி வாணிகத்தில் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது?

2. 300 ரூபாய்க் கூடையில் நஷ்டமும் 900 ரூபாய்க் கூடையில் மிச்சமும் வருவது ஏன்? உங்கள் ஊர்க் கூலி விகிதத்தை இட்டு இக்கணக்கை மீண்டும் செய்து பாருங்கள்.

3. உங்கள் சங்கம் ஒரு நிறுவனத்துக்கு வாழைப்பழம் விற்பதாயின், எழுத்தில் வாங்கவேண்டிய ஐந்து உறுதிகள் யாவை? அவற்றுள் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது?

4. உங்கள் அங்கத்தினர்களின் விளைபொருளிலும் துணியிலும் வாராந்தரப் பட்டியலுக்கு ஏற்ற இருபது பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் எந்த அளவில், எந்தத் தரத்தில் கட்டுவீர்கள்?

5. பையைக் கொண்டுசேர்க்கும் தொழிலாளருக்குச் சங்கம் பைக்கணக்கில் கூலி தருவதா, நாட்கூலி தருவதா? எது நியாயம், எது கட்டுப்படியாகும் என்பதை இரு தரப்பிலும் நின்று விவாதியுங்கள்.